மாத்த வந்தவரை மாத்தின ஊர்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. சீகன்பால்க் பேரைச் சொன்னா நம்மாளுங்க உடனே சொல்றது ரெண்டே ரெண்டுதான். தமிழ்ல முதல்முதலா அச்சடிச்சவர். தரங்கம்பாடியில சர்ச் கட்டினவர். பொது அறிவுப் புத்தகத்துல ஒரு வரி, முடிஞ்சுது மனுஷன் கதை. அந்த ஒரு வரியிலயும் பாதி தப்பு. 1578-லயே கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்துல அச்சாகிடுச்சு. அது அண்டிரிக் அடிகளார் காலத்து சமாச்சாரம். சீகன்பால்க் தமிழ் எழுத்தைக் கோத்தது அதுக்கு 135 வருஷம் கழிச்சு.

எனக்கு அந்த ஆள்கிட்ட பிடிச்ச விஷயம் அச்சும் இல்ல, சர்ச்சும் இல்ல. இருபத்து மூணு, இருபத்து நாலு வயசுல, இந்த ஊர் ஜனங்களை எல்லாம் மாத்திடணும்ங்கற ஒரே எண்ணத்தோட ஒரு ஜெர்மன்காரப் பையன் நம்ம கடற்கரையில வந்து இறங்கறான். கிட்டத்தட்ட பதிமூணு வருஷம் இங்கயே கிடந்து, இங்கயே செத்தும் போறான். நடுவுல இந்த ஊர் அவனை என்ன பண்ணுச்சுங்கறதுதான் எனக்கு சுவாரசியம். சாகற வரைக்கும் அவர் பாதிரியார்தான், அதுல ஒரு மாத்தமும் கிடையாது. மதம் மாத்தற வேலையையும் விடலை. ஆனா மாறவே இல்லைன்னும் சொல்ல முடியாது. எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல ஊரைப் பத்திக் கொஞ்சம். தரங்கம்பாடி இப்ப மயிலாடுதுறை மாவட்டத்துல இருக்கு. பழைய பேரு சடங்கன்பாடி. மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டுல குலசேகரன்பட்டினம்னும் வருது. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல எழும்பின கோயில் அது. அதுல பாதியைக் கடல் தின்னுடுச்சு. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட டேனிஷ்காரங்க ஒப்பந்தம் போட்டு, கோட்டை கட்டிக்கிட்டு மிளகு வியாபாரத்துல உட்கார்ந்தாங்க. (நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்க ஓலையில எழுதின கடிதம் இன்னும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு. நாம நம்ம பக்கத்து ஓலையை எல்லாம் ஆடிப்பெருக்குல ஆத்துல விட்டுட்டோம், அது தனிக்கதை.)

இந்தக் கோட்டைக்காரங்களுக்கு வியாபாரம்தான் முக்கியம். மதப் பிரச்சாரம்னு யாராவது வந்து உள்ளூர் ஜனங்களைச் சீண்டினா வியாபாரம் கெடும். ஆனா டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக்குக்கு தன் காலனிக்கு மிஷனரி அனுப்பணும்னு ஆசை. டென்மார்க்ல ஆள் சிக்கலை. ஜெர்மனியில ஹாலேங்கற ஊர்ல பிராங்கேன்னு ஒரு பேராசிரியர் இருந்தார். பக்தி, கல்வி, அநாதை விடுதின்னு பெரிய நிறுவனமே நடத்தினவர். அந்த வட்டத்துல இருந்து ரெண்டு பேர் கிடைச்சாங்க. பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்ஷோ. சீகன்பால்க் சாக்சனி பக்கத்துல புல்ஸ்னிட்ஸ்ங்கற சின்ன ஊர்க்காரர். சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. உடம்பும் எப்பவும் நோஞ்சான்தான். உடம்பு ஒத்துழைக்காததால படிப்பை நடுவுல விட்டவர்.

1705 நவம்பர் கடைசியில கோபன்ஹேகன்ல கப்பல் ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுத்திக்கிட்டு, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தாங்க. வரவேற்பு எப்படின்னு கேக்கறீங்களா? கப்பலை விட்டு இறங்கறதுக்கே இழுத்தடிப்பு. கடைசியில இறங்கினா, கவர்னர் ஹாசியஸ் வந்து நீங்க யாரு, யார் அனுப்பிச்சாங்கன்னு கேட்டுட்டு, கடைத்தெருவுல அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். ராஜா முத்திரை போட்ட கடிதம் கையில இருக்கு. ஆனா ராத்திரி படுக்க இடம் இல்லை. கோட்டையில வேலை பார்த்த ஒருத்தர் இரக்கப்பட்டு இடம் பார்த்துக் கொடுத்தாராம். நம்ம தரங்கம்பாடி மார்க்கெட்ல ஜூலை மாச வெக்கையில, கம்பளி அங்கியோட நிக்கற ரெண்டு வெள்ளைக்காரப் பசங்களை நினைச்சுப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு.

வந்த புதுசுல இவர் எப்படி இருந்தார்ங்கறதுக்கு அவரே எழுதின ஒரு சம்பவம் இருக்கு. ஒரு நாள் நடந்து போறப்ப ஒரு அம்மன் கோயிலைப் பார்க்கறார். சுத்தி நிறைய மண் பொம்மை. நாம பார்ப்போமே, கிராமத்துக் கோயில்ல சுட்ட மண்ணுல காவல்காரங்க வரிசையா நிப்பாங்களே, அதே வகையறாதான். இவங்க கோவம் வந்து சிலதைக் கீழ தள்ளி, சிலதோட தலையைத் தட்டி உடைச்சுட்டாங்க. பாருங்கய்யா, உங்க சாமிக்கு தன்னையே காப்பாத்திக்க முடியலைன்னு நிரூபிக்கறாராம்! பக்கத்துல இருந்த ஒரு வாத்தியார் பதில் சொன்னார் பாருங்க: இதெல்லாம் சாமி இல்லை, சாமிக்குக் காவல் நிக்கற சிப்பாய்ங்க.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்த வாத்தியார் கம்பு எடுக்கலை, ஆள் சேர்க்கலை. உனக்கு விஷயம் தெரியலை தம்பின்னு திருத்தினார், அவ்வளவுதான். திருத்தம் எங்க போய் உட்கார்ந்துச்சுங்கறதை அப்புறம் சொல்றேன். இந்த வாத்தியாரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

*

ஊர்ல ரெண்டு பாஷை ஓடுச்சு. துறைமுகத்துல, வீட்டு வேலைக்காரங்ககிட்ட, வியாபாரத்துல எல்லாம் ஒருவிதமான போர்த்துகீசு. ஜனங்களுக்குத் தமிழ். யார் எதைப் படிக்கறதுன்னு ரெண்டு பேரும் சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. புளூட்ஷோவுக்கு போர்த்துகீசு, சீகன்பால்க்குக்குத் தமிழ். யோசிச்சுப் பாருங்க, சீட்டு மாறி விழுந்திருந்தா இந்தப் பதிவே இல்லை :-)

தமிழ் படிக்க வழி? இலக்கணப் புத்தகம் கையில இல்லை. சொல்லிக் கொடுக்க ஐரோப்பியன் யாரும் கிடையாது. திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தின ஒரு வயசான வாத்தியாரைப் பிடிச்சு, உங்க பள்ளிக்கூடத்தை என் வீட்டுலயே நடத்துங்கன்னு கேட்டுக்கிட்டார். எழுபது வயசு வாத்தியார் பசங்களோட வந்து உட்கார்ந்தார். பசங்க மணல்ல விரலால 'அ' எழுத, கூடவே தரையில உட்கார்ந்து பல்கலைக்கழகம் பார்த்த இந்தப் பாதிரியாரும் 'அ' எழுதினார். நம்ம தாத்தா பாட்டி எல்லாம் இப்படித்தான் எழுத்து கத்துக்கிட்டாங்க. அச்சு யந்திரத்தோட தமிழுக்கு வந்த மனுஷன் தமிழை ஆரம்பிச்சது மணல்ல.

எழுத்து வந்துடுச்சு, அர்த்தம் தெரியணுமே? அந்த வாத்தியாருக்கு வேற பாஷை தெரியாது. அப்பதான் அழகப்பன் வர்றார். ஐரோப்பியக் காகிதங்கள்ல 'அலெப்பா'ன்னு இருக்கும். கம்பெனியில துபாஷியா இருந்தவர். போர்த்துகீசு, டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் தெரியும். சம்பளம் கொடுத்து இவரை அமர்த்திக்கிட்டார். எட்டே மாசத்துல ஓரளவு பேச வந்துடுச்சு.

அப்புறம் அவர் வெச்சுக்கிட்ட தினசரி அட்டவணை இருக்கே, அதைப் படிச்சப்ப எனக்கே கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. காலையில ஏழுல இருந்து எட்டு வரைக்கும் முன்னாடி படிச்ச வார்த்தைகளை ஒப்பிக்கறது. எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் புதுப் புத்தகம். பக்கத்துல ஒரு வயசான புலவர், ஒரு எழுத்தர். புலவர் செய்யுளுக்கு அர்த்தம் சொல்வார். எழுத்தர் தெரியாத வார்த்தைகளைக் குறிச்சுக்குவார். சாப்பிட்டு கொஞ்சம் கண் அசந்துட்டு, மறுபடி மூணுல இருந்து அஞ்சு. ராத்திரி ஏழுல இருந்து எட்டு வரைக்கும் கண்ணுக்கு ஓய்வு வேணும்னு, இன்னொருத்தர் வாசிக்க இவர் கேட்டுக்கிட்டு இருப்பார். பேச்சுநடை கைக்கு வர்ற வரைக்கும் ஒரே நூலைத் திரும்பத் திரும்ப வாசிப்பாராம். இப்படியே சில வருஷம். 1708 வாக்குல அவர் தொகுத்த சொல் பட்டியல் இருபதாயிரத்தைத் தொட்டுடுச்சு. செய்யுள் சொற்களுக்குத் தனியா இன்னொரு அகராதி.

புத்தகம் எங்க இருந்து கிடைச்சுது? இங்கதான் ஆள் எமகாதகன். எழுத்தர்களை பல நாள் நடை தூரத்துக்கு அனுப்பி, செத்துப்போன பிராமணர்களோட விதவைகள்கிட்ட இருந்து ஏட்டுச்சுவடிகளை சல்லிசான விலைக்கு வாங்கியிருக்கார். இதை அவரே எழுதி வெச்சிருக்கார். படிச்சா உறுத்தத்தான் செய்யுது. கஷ்டத்துல இருந்த வீட்டுல இருந்து வந்த ஏடுங்க அது. ஆனா அதே ஏடுங்க அந்த வீட்டுலயே இருந்திருந்தா கரையானுக்குத்தானே போயிருக்கும்னும் ஒரு மனசு சொல்லுது. ரெண்டு மனசையும் அப்படியே வெச்சுக்கிட்டு மேல போறேன்.

1708-ல அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பின நூல் பட்டியல் ஒண்ணு இருக்கு, 'பிப்லியோதேகா மலபாரிகா'ன்னு பேரு. (அந்தக் காலத்துல ஐரோப்பாக்காரங்களுக்கு தமிழும் 'மலபார்'தான். மலையாளம்னு நினைச்சுக் குழம்பிடாதீங்க.) மொத்தம் 165 நூல். அதுல கிறிஸ்தவ நூலும் பதினோரு முஸ்லிம் நூலும் போக, 119 நூல் நம்ம சைவ, வைணவ, இலக்கண, நீதி நூல்கள். தொல்காப்பியம் இருக்கு, திவாகரம் இருக்கு, திருக்குறள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் சின்னதா குறிப்பு. ஏடு தேடினவங்கன்னா நமக்கு உடனே உ.வே.சா. ஞாபகம் வருவார், வரணும். அவர் பிறக்கறதுக்கு சுமார் 150 வருஷம் முன்னாடி, ஊருக்கு வந்து ரெண்டே வருஷம் ஆன ஒரு வெளியூர்க்காரன் போட்ட பட்டியல் இது. நோக்கம் வேற, அது நல்லாத் தெரியும். மறுக்கறதுக்காகத்தான் படிக்க ஆரம்பிச்சார்.

ஆரம்பிச்சது அப்படித்தான். ஆனா படிக்கப் படிக்க என்ன ஆச்சு?

அவரே ஒத்துக்கறார். ஐரோப்பாவுல இருந்து புதுசா வந்தப்ப இவங்களை எல்லாம் கல்வியே இல்லாத காட்டுமிராண்டிக் கூட்டம்னு நினைச்சேன், இவங்க பாஷைக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கும்னே தோணலை. பாஷை தெரிஞ்சு நூலைப் படிச்சதும்தான் ஐரோப்பாவுல அறிஞர்கள் பேசற விஷயம் எல்லாம் இங்கயும் முறையா இருக்குன்னு தெரிஞ்சுதுன்னு எழுதறார். அதே 1708-லயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தார். நாம ரெண்டாங்கிளாஸ்ல கத்திக் கத்தி ஒப்பிச்ச அதே கொன்றைவேந்தன்தான்! இந்த ஜனங்க பல பேர் நம்ம ஊர் கிறிஸ்தவங்களை விட ஒழுக்கமா இருக்காங்கன்னு தன் ஊர்க்காரங்களுக்குச் சொல்லவும் செய்யறார். 1708-ல ஒரு பாதிரியார் சொல்ற வார்த்தையா இது?

*

அதே வருஷக் கடைசியில ஜெயில். ஒரு ஏழை விதவையோட கடன் விவகாரத்துல பரிஞ்சு பேசப்போய், ஏற்கெனவே கடுப்புல இருந்த கவர்னர் ஹாசியஸ் தூக்கி உள்ள வெச்சுட்டார். இவங்களை வளரவிடாதேன்னு கம்பெனியில இருந்தே அவருக்கு ரகசிய உத்தரவு இருந்துச்சுன்னும் சொல்வாங்க. 1708 நவம்பர்ல இருந்து 1709 மார்ச் வரைக்கும் நாலு மாசத்துக்கு மேல கோட்டையில அடைப்பு.

கோட்டைக்குப் போனவங்க அந்தக் கீழ்த்தள அறைகளைப் பார்த்திருப்பீங்க. கனமான வளைவுக் கூரை, உப்புக்காத்து அரிச்ச சுவர். வெளிய அலை சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். நான் போனப்ப நிறைய நேரம் அங்கயே நின்னுட்டு இருந்தேன். காவலாளி வந்து, 'சார் மணி ஆச்சு'ன்னு விரட்டற வரைக்கும்.

வெளிய வந்ததும் புது ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711 மார்ச் 31-ல முடிச்சார். அதே வருஷம் புளூட்ஷோ ஊர் திரும்பிட்டார். 1709-ல வந்த க்ரூண்ட்லர்தான் அப்புறம் உற்ற துணை. அச்சுக் கதையைச் சுருக்கமாவே சொல்லிடறேன், நிறைய பேர் எழுதிட்டாங்க. லண்டன்ல இருந்து ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு யந்திரம் அனுப்புச்சு. வழியில பிரேசில் பக்கத்துல பிரெஞ்சுக்காரங்க கப்பலை மடக்கிட்டாங்க. கூட வந்த அச்சாளர் வழியிலயே இறந்துட்டார். யந்திரம் மட்டும் தப்பி வந்துச்சு. ஓட்ட ஆள்? டேனிஷ் படையில இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சுத்தொழில் தெரியும்! ஹாலேயில வார்த்த தமிழ் எழுத்து 1713-ல வந்துச்சு. ரொம்பப் பெருசு, காகிதம் தின்னுச்சு. இங்கிலாந்துல இருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுத்தியிருந்த ஈயத்தை உருக்கி, இங்கயே சின்ன எழுத்து வார்த்தாங்கன்னு சொல்வாங்க. 1715-ல புது ஏற்பாடு முழுசா வந்துடுச்சு. பொறையாறு பக்கத்துல காகிதம் செய்ய ஒரு பட்டறையும் போட்டாங்க. கடுதாசிப்பட்டறைன்னு அங்க ஒரு இடத்துக்கு இன்னும் பேரு.

அந்த மொழிபெயர்ப்புத் தமிழ் எப்படி? வீரமாமுனிவர் கிட்டத்தட்ட இதே காலத்துல தமிழ்நாட்டுல இருந்தவர். தேம்பாவணி எழுதின கை அது. அவருக்கு இந்த லூத்தரன்காரங்க தமிழைக் கண்டா ஆகாது, நல்லாவே கிண்டல் அடிச்சிருக்கார். அவர் கோணத்துல நியாயம்தான். ஆனா சீகன்பால்க் புலவர்களுக்காக எழுதலை. திண்ணையில உட்கார்ந்திருக்கறவனுக்குப் புரியணும்னு எழுதினார். பேச்சு வழக்கையும் எழுத்து வழக்கையும் கலந்துகட்டி பதிவு போடற நமக்கெல்லாம் அவர் ஒரு விதத்துல முன்னோடி. வீரமாமுனிவர் வந்து படிச்சா நம்மளையும் விடமாட்டார் :-)

*

இப்ப முக்கியமான இடம்.

1712-ல இருந்து ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. கேள்விகளை எழுதி தமிழ் அறிஞர்களுக்கு அனுப்பறது, அவங்க எழுதற பதிலை ஜெர்மன்ல மொழிபெயர்க்கறது. கடவுள் பத்தி, பாவம் பத்தி, கல்யாணம், மருத்துவம், சாதி, பஞ்சாங்கம்னு எல்லாத்தைப் பத்தியும் கேள்வி. 99 கடிதம் இப்படி ஜெர்மன்ல அச்சாச்சு. முதல் தொகுதி 1714-லயும் அடுத்தது 1717-லயும் ஹாலேயில வெளிவந்துச்சு. எழுதினவங்க பேர் போடலை. பெரும்பகுதி நம்ம அழகப்பன் எழுதினதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

ஒரு கேள்வி: நீங்க ஏன் கிறிஸ்தவ மதத்தை ஒதுக்கறீங்க? பதில் வருது பாருங்க, சும்மா கிழிகிழின்னு. மாட்டை அடிச்சுத் தின்கறீங்க. குடிச்சுட்டு ஆடறீங்க. பல் விளக்கறதில்லை, வெளிக்குப் போனா கழுவறதில்லை. இதைப் பார்த்துட்டு உங்க மதம் நல்ல மதம்னு எங்களுக்கு எப்படித் தோணும்? தன்னைத்தானே உலகத்துக்கே வாத்தியார்னு நினைச்சுக்கிட்டு இருந்த ஐரோப்பாவுல, 1714-ல, தமிழன் சொன்ன இந்த விமர்சனம் ஜெர்மன்ல அச்சாகி வருது! அடிக்குறிப்புல மறுப்பு போட்டிருந்தாங்கதான். இருந்தாலும் வந்துச்சே.

இதுக்கு நடுவுல சீகன்பால்க் ரெண்டு பெரிய புத்தகம் எழுதினார். 1711-ல 'மலபார் புறச்சமயம்'னு சொல்லலாம் அதை. 1713-ல 'மலபார் தெய்வங்களின் வம்சாவளி'. ரெண்டாவதுதான் அவரோட உச்சம்னு நான் சொல்வேன். பரம்பொருள்ல ஆரம்பிச்சு, மும்மூர்த்தி, அவங்க குடும்பம், அப்புறம் ஒரு முழுப் பகுதி கிராம தேவதைகளுக்கு. ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி, பத்ரகாளி... யாருக்கு எங்க கோயில், எப்ப திருவிழா, என்ன படையல், எந்த நூல்ல அவங்க கதை இருக்குன்னு வரிசையா. பெரிய தெய்வத்தைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருப்பாங்க. பிடாரியையும் அங்காளம்மனையும் உட்கார்ந்து விசாரிச்சு எழுத அன்னைக்கு யாருக்கு அக்கறை? நம்ம புலவர்களுக்கே இருந்த மாதிரித் தெரியலை. தகவலுக்கு அவர் தமிழர்களோட எழுத்தையும் கடிதத்தையும்தான் நம்பினார். ஏற்கெனவே ஐரோப்பாவுல உலாவின பயணக் கட்டுரைகளை எல்லாம் தப்பும் தவறும்னு தள்ளினார்.

1706-ல மண் சிப்பாயோட தலையை உடைச்ச அதே கைதான் 1713-ல இதை எழுதுச்சு. காவல் நிக்கறவன் யாரு, சாமி யாருன்னு இப்ப அவருக்குத் தெரியும். அந்த வாத்தியார் சொன்ன திருத்தம் ஏழு வருஷத்துல ஒரு புத்தகமாவே வளர்ந்துடுச்சு. அப்பவும் அவர் இதையெல்லாம் பொய் தெய்வம்னுதான் சொல்றார், பக்கத்துக்குப் பக்கம் சொல்றார். ஆனா உடைக்கறதுக்குப் பதிலா கேட்கறார், கேட்டதை நேர்மையா எழுதறார். அவ்வளவு தூரம் இந்த ஊர் அவரை நகர்த்தியிருக்கு.

கையெழுத்துப்படி ஹாலேக்குப் போச்சு. பிராங்கே அச்சடிக்க மறுத்துட்டார். மிஷனரிகளை அனுப்பினது அங்க இருக்கற புறமதத்தை ஒழிக்கறதுக்கு, அந்தப் பிதற்றலைக் கொண்டுவந்து ஐரோப்பாவுல பரப்பறதுக்கு இல்லைன்னு ஒரே போடா போட்டுட்டார். பேழைக்குள்ள போச்சு புத்தகம். வம்சாவளி 1867-லதான் அச்சு ஏறுச்சு, அதுவும் சென்னையில, ஜெர்மான்னு இன்னொரு ஜெர்மன் பாதிரியார் முயற்சியால. எழுதி 154 வருஷம். 1711 புத்தகமும், அந்தக் கொன்றைவேந்தன் மொழிபெயர்ப்பும் இன்னும் லேட். காலண்ட்ங்கற டச்சு அறிஞர் பதிப்பிச்சு ஒண்ணு 1926-ல, இன்னொண்ணு 1930-ல வந்துச்சு. இந்த இடைவெளியில இந்தியாவைப் பத்தி ஐரோப்பாவுல எவ்வளவு எழுதினாங்க! சமஸ்கிருதம் வழியா வந்த கல்கத்தாப் படிப்புதான் இந்தியான்னு ஆகிப்போச்சு. 1713-லயே இது அச்சாகியிருந்தா தமிழும் நம்ம கிராமத்துச் சாமியும் அந்தப் படத்துல முன்னாடியே இருந்திருக்கும். பிராங்கே மேல எனக்கு இந்த ஒரு விஷயத்துல கோவம் போகலை.

*

1714 அக்டோபர்ல சீகன்பால்க் ஐரோப்பா கிளம்பினார். கூட மலையப்பன்னு ஒரு தமிழ் இளைஞர். கப்பல்ல எழுதின தமிழ் இலக்கணம் 'கிராமாட்டிகா தமுலிகா' 1716-ல ஹாலேயில லத்தீன்ல அச்சாச்சு. ராஜாவைப் பார்த்தார், கல்யாணம் பண்ணிக்கிட்டார், லண்டன் போனார், அங்கயும் ராஜாவைப் பார்த்தார். பேரும் புகழுமா அங்கயே உட்கார்ந்திருக்கலாம். ஹாலேயில தமிழ் சொல்லிக்கொடுத்துக்கிட்டு குளிருக்கு அடக்கமா காலம் தள்ளியிருக்கலாம். 1716 ஆகஸ்ட்ல மனைவியோட தரங்கம்பாடிக்கே வந்துட்டார்.

1707-ல முதல்ல கட்டின சின்ன சர்ச்சை கடல் கொண்டுபோச்சு. ராஜா தெருவுல இப்ப நாம பார்க்கற புது எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர்ல திறந்தாங்க. முகப்புல வருஷமும் டேனிஷ் ராஜா முத்திரையும் இருக்கும். அந்தச் சந்தோஷம் நிலைக்கலை. கோபன்ஹேகன்ல மிஷன் நிர்வாகத்துக்குச் செயலாளரா வந்த வென்ட்ங்கறவருக்கு ஒரு கொள்கை: மிஷனரின்னா அப்போஸ்தலர்கள் மாதிரி கையில காசில்லாம ஊர் ஊராப் போய்ப் பேசணும், சர்ச், பள்ளிக்கூடம், அச்சகம், வீடுன்னு கட்டிக்கிட்டு ஒரே இடத்துல உட்காரக் கூடாது. இவ்வளவு வருஷம் இவர் செஞ்ச எல்லாத்தையும் தப்புன்னு சொல்ற கடிதம் வந்து சேருது. வென்ட் தமிழ்நாட்டு வெயில்ல ஒரு நாள் நின்னவர் இல்லை. ஒரே இடத்துல உட்கார்ந்ததாலதான் இந்த ஆளுக்குத் தமிழ் வந்துச்சுங்கறது கோபன்ஹேகன் மேஜையில இருந்து தெரியாதில்லையா? (ஹெட் ஆபீஸ்ங்கறது முந்நூறு வருஷமா ஒரே மாதிரிதான் இருக்கு போல.)

ஏற்கெனவே வயித்துக் கோளாறு, நோஞ்சான் உடம்பு. இது மனசையும் உடைச்சுடுச்சு. 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி போயிட்டார். 36 வயசு. பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும்தான் மொழிபெயர்த்திருந்தார். அவர் கட்டின ஆலயத்துக்குள்ளயே அடக்கம் பண்ணினாங்க. அடுத்த வருஷமே க்ரூண்ட்லரும் போயிட்டார். ஊரை 1845-ல டேனிஷ்காரங்க செராம்பூரோட சேர்த்து பன்னெண்டரை லட்ச ரூபாய்க்கு வெள்ளைக்காரனுக்கு வித்துட்டுக் கிளம்பிட்டாங்க. ரயில் நாகப்பட்டினம் பக்கம் போனதும் துறைமுகமும் படுத்துடுச்சு.

சீகன்பால்க்குக்கு இன்னைக்கு சிலை இருக்கு, அவர் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகம் ஆக்கியிருக்காங்க. சந்தோஷம். மணல்ல 'அ' போட வெச்ச எழுபது வயசு வாத்தியாருக்கும், காலையில எட்டு மணிக்கு வந்து செய்யுளுக்குப் பொருள் சொன்ன புலவருக்கும் ஒரு கல்வெட்டு கூட என் கண்ணுல படலை. பேரே தெரியாதவங்களுக்குக் கல்வெட்டு எப்படி வெப்பாங்கன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை. அழகப்பனுக்காவது வெக்கலாம், பேர் தெரியும்.

க்ரூண்ட்லர் 1711-ல தமிழ் மருத்துவத்தைப் பத்தி ஒரு நூல் எழுதியிருக்கார், ஓலையில இருந்த வைத்திய நூல்களைப் பார்த்து. அதைப் பத்தித் தனியா எழுதணும். நாடி பார்க்கறது பத்தி அதுல நிறைய இருக்கு. அடுத்த வாரம் முடியுதான்னு பார்க்கறேன்.